நான்காவது கட்டம்: மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களின் செய்முறைப் பதிவேட்டில் உப்புப் பகுப்பாய்வுப் பக்கங்களைப் புரட்டினால் கோடு போட்ட மூன்று கட்டங்கள் இருக்கும். செய்த சோதனை ஒன்றில், கண்டது அடுத்ததில், அதிலிருந்து அறிந்தது மூன்றாவதில். சில்வர் நைட்ரேட் சேர்த்தோம், தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு வந்தது, ஆகவே குளோரைடு. கையெழுத்து அழகாக இருக்கும். ஓரத்தில் உங்கள் கையொப்பமும் இருக்கும். ஆனால் அம்மோனியா ஊற்றியதும் அந்த வீழ்படிவு ஏன் காணாமல் போயிற்று என்று கேட்டால் மாணவர் திகைத்து நிற்கிறார்.

விடை அவர் படிக்காதது அல்ல. ‘வேதிப் பிணைப்புகள்’ பாடத்தில் ஈதல் சகப்பிணைப்பைப் பற்றிப் படித்திருக்கிறார், தேர்வில் எழுதியும் இருக்கிறார். அது வகுப்பறைச் சங்கதி, இது ஆய்வகச் சங்கதி என்று இரண்டையும் வெவ்வேறு பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று மதிப்பெண் பிரிந்து கிடப்பதால் பாடமே இரண்டு என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது.

இந்த மடல் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. பதிவேட்டில் நான்காவதாக ஒரு கட்டத்துக்குக் கோடு போடச் சொல்லுங்கள். அதன் தலைப்பு: ‘எந்தப் பிணைப்பு?’ சோதனைக் குழாயில் எது அறுந்தது, எது புதிதாக உண்டானது என்று மாணவர் தன் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுதட்டும். இதற்குப் புதிய கருவி வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம், அரசாணையும் வேண்டாம்.

அந்தச் சில்வர் குளோரைடையே எடுத்துக்கொள்வோம். அம்மோனியா மூலக்கூறில் நைட்ரஜனிடம் பிணைப்பில் ஈடுபடாத எலக்ட்ரான் இரட்டை ஒன்று உண்டு. இரண்டு அம்மோனியா மூலக்கூறுகள் அந்த இரட்டையை வெள்ளி அயனிக்குக் கொடுத்துப் பிணைகின்றன. வெள்ளி கரைசலுக்குள் போய்விடுவதால் வீழ்படிவு கரைகிறது. பெரும்பாலான வகுப்புகளில் கதை இங்கே நின்றுவிடும். நிறுத்த வேண்டாம். அதே குழாயில் சொட்டுச் சொட்டாக நைட்ரிக் அமிலம் விடச் சொல்லுங்கள். வெண்மை திரும்ப வரும். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி நைட்ரஜனின் அதே எலக்ட்ரான் இரட்டையைப் பிடித்துக்கொள்ள, அம்மோனியம் உண்டாகிறது. கைவிடப்பட்ட வெள்ளி மறுபடி குளோரைடிடம் சேர்கிறது. ஓர் எலக்ட்ரான் இரட்டைக்காக இரண்டு அயனிகள் போட்டியிடுவதைப் பதினாறு வயதுப் பிள்ளை தன் கையில் பிடித்திருக்கும் குழாயில் பார்க்கிறது. கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எத்தனை முறை விளக்கினாலும் இந்தக் காட்சிக்கு ஈடாகாது. (சோதனை முடிந்ததும் மறக்காமல் அமிலம் சேர்த்து அப்போதே அப்புறப்படுத்துங்கள். அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலைச் சேமித்து வைத்தால் வெடிக்கும் தன்மையுள்ள பொருள் உருவாகும்.)

புரோமைடு வந்தால் வெளிர் மஞ்சள், அம்மோனியாவில் சிறிதே கரையும். அயோடைடு வந்தால் மஞ்சள், கரையவே கரையாது. மாணவர்கள் இதை வரிசையாக மனப்பாடம் செய்கிறார்கள். அயனி பெரிதாகப் பெரிதாக அதன் எலக்ட்ரான் மேகம் எளிதில் இழுபடுகிறது, அயனிப் பிணைப்புக்குள் சகப்பிணைப்புத் தன்மை ஏறுகிறது என்று ஃபஜான் விதியையும் வேறொரு பக்கத்தில் மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டும் ஒரே செய்தி என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பணியாற்றிய அலெக்ஸ் ஜான்ஸ்டன் என்ற வேதியியல் ஆசிரியர், இந்தப் பாடம் ஏன் கடினமாக இருக்கிறது என்பதை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். வேதியியல் ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் நடக்கிறது என்றார் அவர். கண்ணால் காண்பது ஒன்று. அணுவும் மூலக்கூறும் உள்ள, கண்ணுக்குத் தெரியாத தளம் ஒன்று. வாய்பாடும் சமன்பாடும் ஆகிய குறியீட்டுத் தளம் ஒன்று. கற்றுத் தேர்ந்தவர்கள் மூன்றுக்கும் இடையே சட்டென்று தாவிவிடுவார்கள். புதிதாக வருபவருக்கு அந்தத் தாவல்தான் சுமை. நம் பதிவேட்டில் காண்பதற்கு இடம் இருக்கிறது, வாய்பாட்டுக்கு இடம் இருக்கிறது. நடுவில் உள்ள தளத்துக்குத்தான் இடமே இல்லை.

காப்பர் சல்பேட் எல்லாப் பள்ளியிலும் இருக்கும். மயில்துத்தம் என்று கேட்டால் உரக்கடையிலும் கிடைக்கும். நீலப் படிகத்தைச் சோதனைக் குழாயில் போட்டு மெல்லச் சூடாக்கினால் குழாயின் மேற்பகுதியில் நீர்த்துளி படியும், படிகம் வெளுத்துப் பொடியாகும். ஆறிய பின் ஒரு சொட்டு நீர் விட்டால் நீலம் திரும்பும், குழாய் சூடாவதும் தெரியும். இந்த ஒரு பொருளுக்குள் முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது. காப்பர் அயனிக்கும் சல்பேட் அயனிக்கும் இடையே அயனிக் கவர்ச்சி. சல்பேட்டுக்குள் கந்தகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் சகப்பிணைப்பு. நான்கு நீர் மூலக்கூறுகள் காப்பரோடு ஈதல் சகப்பிணைப்பில். ஐந்தாவது நீர் மட்டும் காப்பரைத் தொடாமல் ஹைட்ரஜன் பிணைப்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பீவர்ஸ், லிப்சன் என்ற இருவர் 1934-ல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இதைக் கண்டறிந்தார்கள். சூடேற்றும்போது அந்த ஐந்தாவது நீர்தான் கடைசியாக, 200 டிகிரி செல்சியஸுக்கும் மேலே வெளியேறும். ஹைட்ரஜன் பிணைப்பு என்றாலே வலுவற்றது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? படிகத்தின் எடையில் 36 சதவீதம் நீர்தான். தராசு இருந்தால் சூடாக்கும் முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்லுங்கள். வெளுத்ததும் சூட்டை நிறுத்திவிட வேண்டும். மேலும் சூடாக்கினால் கறுத்து, எரிச்சலூட்டும் வாயு வரும்.

அடுத்தது டைட்ரேஷன். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுடன் ஆக்சாலிக் அமிலத்தைத் தரம்பார்க்கும்போது கூம்புக் குடுவையை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கச் சொல்கிறோம். அதே பெர்மாங்கனேட்டுடன் மோர் உப்பைத் தரம்பார்க்கும்போது சூடாக்குவதில்லை. ஏன்? செய்முறைக் கையேட்டில் அப்படிப் போட்டிருக்கிறது என்பதே பல மாணவர்களின் பதில். மோர் உப்பில் உள்ள இரும்பு அயனி ஓர் எலக்ட்ரானைக் கைமாற்றினால் வேலை முடிந்தது. உடைய வேண்டிய கார்பன் சங்கிலி எதுவும் அங்கே இல்லை. சூடாக்கினால் காற்று பட்டே இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து ரீடிங் கெடும். ஆக்சாலிக் அமிலத்தில் நிலைமை வேறு. இரண்டு கார்பன் அணுக்களுக்கு நடுவே உள்ள சகப்பிணைப்பு அறுந்து இரண்டு கார்பன் டை ஆக்சைடு பிறக்க வேண்டும். அதற்குத்தான் சூடு. முதல் சில சொட்டுகளின் இளஞ்சிவப்பு போகாமல் அடம்பிடிப்பதையும், பிறகு விட்டவுடன் நிறம் மறைவதையும் கவனிக்கச் சொல்லுங்கள். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையூக்கியாக மாறி வேகத்தைக் கூட்டுகிறது. பியூரெட்டில் ஒரே ரீடிங்கை மூன்று முறை எடுக்கப் பழகிய பிள்ளைகளுக்கு, அந்தச் சொட்டுகளுக்கு நடுவே நடப்பதையும் காட்ட வேண்டாமா?

கிப் உபகரணத்தின் அழுகிய முட்டை நாற்றத்தைப் பற்றிப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள். அந்த நாற்றமே ஒரு பாடம். ஹைட்ரஜன் சல்பைடு மூலக்கூறின் நிறை 34, நீரின் நிறை 18. கனமானது திரவமாகவும் லேசானது வாயுவாகவும் இருக்க வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடப்பது தலைகீழ்: ஹைட்ரஜன் சல்பைடு சுமார் மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடும், நீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும். ஆக்சிஜனின் எலக்ட்ரான் கவர்தன்மை பாலிங் அளவுகோலில் 3.4, கந்தகத்துக்கு 2.6. அதனால் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகப் பிடித்திருக்கின்றன, ஹைட்ரஜன் சல்பைடு மூலக்கூறுகளுக்கு இடையே அந்தப் பிடி மிகத் தளர்ந்தது. எச்சரிக்கையும் அவசியம். இந்த வாயு நச்சு. செறிவு கூடினால் மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுவது உயிருக்கே வினையாகும். சன்னல்களைத் திறந்துவையுங்கள், வாயு வெளியேற்றும் விசிறி ஓடட்டும்.

ஹைட்ரஜன் பிணைப்பு என்றதும் கிண்டியையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அங்குள்ள சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் கொலாஜன் புரதத்துக்கு மூன்று இழை முறுக்கிய அமைப்பை முன்வைத்தார்கள். நம் தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் உள்ள புரதம் அது. அந்த மூன்று இழைகளையும் சேர்த்துக் கட்டியிருப்பது இதே ஹைட்ரஜன் பிணைப்புதான்.

எல்லா வரியிலும் நான்காவது கட்டத்தை நிரப்பியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் கூடாது. சுடர் சோதனையில் சோடியம் பொன்மஞ்சளாக எரிவதற்குப் பிணைப்பு காரணம் அல்ல. அணுவுக்குள் எலக்ட்ரான் மேல்மட்டத்துக்குப் போய்க் கீழே இறங்கும்போது வெளிவிடும் ஒளி அது. சோடியத்துக்கு 589 நானோமீட்டர்.  அந்த வரியில் ‘இங்கே பிணைப்புக்கு வேலையில்லை’ என்று ஒரு மாணவி எழுதினால் அவளுக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்.

வகுப்பறைப் பக்கமும் கொஞ்சம் திரும்புவோம். சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்கத் துடிக்கிறது, குளோரின் வாங்கத் துடிக்கிறது, கொடுத்து வாங்கியதும் பிணைப்பு உண்டாகிறது என்று நாம் கதை சொல்கிறோம். கணக்குப் போட்டால் கதை நிற்காது. வாயு நிலையில் ஒரு மோல் சோடியம் அணுக்களிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவு. குளோரின் அணுக்கள் அதை ஏற்கும்போது கிடைப்பது 349 கிலோஜூல். கொடுக்கல் வாங்கலில் மட்டும் 147 கிலோஜூல் நட்டம். அதை ஈடுகட்டி, மேலும் மிச்சம் வைப்பது, எதிரெதிர் மின்சுமையுள்ள அயனிகள் நாலாபக்கமும் ஒன்றையொன்று இழுத்துப் படிகமாக அடுக்கும்போது வெளிப்படும் சுமார் 787 கிலோஜூல். அயனிப் பிணைப்பு என்பது அந்த இழுப்பு. எலக்ட்ரான் கைமாறியது அதற்கு முந்தைய சம்பவம். இங்கிலாந்தின் கீத் டேபர் 1994-ல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: ஒரு சோடியம் அயனி, தான் எலக்ட்ரான் கொடுத்த அந்த ஒரு குளோரைடோடு மட்டுமே பிணைந்திருக்கிறது, சுற்றியுள்ள மற்ற ஐந்தும் வெறும் அண்டை வீட்டார் என்று மாணவர்கள் எண்ணுகிறார்கள். நம்மூர் மாணவரைக் கேட்டாலும் இதே பதில் வரும். புள்ளியும் பெருக்கல் குறியும் போட்டு வரையும் படம் அந்த எண்ணத்தை ஊட்டிவிடுகிறது.

இந்தக் குழப்பத்துக்காக மாணவரைக் கோபிக்க வேண்டியதில்லை. 1913-ல் லாரன்ஸ் பிராக் என்ற 23 வயது இளைஞர், உப்புப் படிகத்தில் சோடியம் குளோரைடு என்ற தனி மூலக்கூறே கிடையாது, அயனிகள் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று காட்டினார். 14 ஆண்டுகள் கழித்தும் அதை ஏற்க முடியாமல், ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற முதுபெரும் வேதியியலார் 1927-ல் ‘நேச்சர்’ இதழுக்குச் சினத்தோடு கடிதம் எழுதினார். உப்பைச் சதுரங்கப் பலகையாக்கிவிட்டார்கள் என்பது அவர் வருத்தம். பிள்ளைகள் புத்தகத்தை விட்டு ஆய்வகத்தில் தாமே செய்து கண்டறிய வேண்டும் என்று இங்கிலாந்துப் பள்ளிகளில் இயக்கம் நடத்தியவரும் இதே ஆம்ஸ்ட்ராங்தான். கைப்பழக்கம் மட்டும் இருந்து, உள்ளே நடப்பதைக் கற்பனை செய்யும் பழக்கம் இல்லாவிட்டால் பெரியவர்களும் இப்படி நின்றுவிட நேர்கிறது. ஆய்வகத்துக்கு வகுப்பறை தேவைப்படுகிறது. வகுப்பறைக்கு ஆய்வகம் தேவைப்படுவது நமக்கு ஏற்கெனவே தெரியும்.

இன்னொரு பிழை எங்கும் பரவியிருக்கிறது: பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிப்படும் என்பது. உடைப்பதற்கு எப்போதும் ஆற்றல் செலவாகும், உருவாகும்போதுதான் வெளிப்படும். ஹைட்ரஜனும் குளோரினும் சேர்வதைக் கரும்பலகையில் கணக்காகப் போடுங்கள். ஹைட்ரஜன் பிணைப்பு உடைய 436, குளோரினுடையது உடைய 242, ஆகச் செலவு 678 கிலோஜூல். இரண்டு ஹைட்ரஜன் குளோரைடு உருவாக வரவு 862. மிச்சம் 184, அதுதான் வெப்பமாக வருகிறது. (இங்கே ஹைட்ரஜன் பிணைப்பு என்றது இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான சகப்பிணைப்பை, முன்பு சொன்ன ஹைட்ரஜன் பிணைப்போடு மாணவர் குழப்பிக்கொள்வார், முன்கூட்டியே பிரித்துக் காட்டிவிடுங்கள்.) கையோடு ஒரு கரண்டி அம்மோனியம் குளோரைடை நீரில் கரைத்துக் குழாயை உள்ளங்கையில் வைக்கச் சொல்லுங்கள். சில்லென்றிருக்கும். அயனிகளைப் பிரிக்க ஆன செலவு, நீர் அவற்றைச் சூழ்ந்ததால் வந்த வரவைவிடச் சற்று அதிகம். அந்தப் பற்றாக்குறையை உள்ளங்கை உணர்கிறது.

வசதி இல்லை என்று சொல்லும் பள்ளிகள் உண்டு, அது உண்மையும்கூட. வாரத்துக்கு ஒரு பீரியட், ஐம்பது பிள்ளைகள், நான்கு பியூரெட், தண்ணீர் வராத குழாய் என்று பாடம் நடத்துபவர்களுக்கு இந்த மடல் உபதேசம் செய்யவில்லை. ஆனால் பிணைப்பைக் காட்டும் சோதனைகள் மலிவானவை. ஒரு பேட்டரி, ஒரு எல்இடி விளக்கு, இரண்டு பென்சில் கரிமுனை போதும். உப்புக் கல்லில் விளக்கு எரியாது, உப்புக் கரைசலில் எரியும், சர்க்கரைக் கரைசலில் எரியாது. ஸ்பிரிட் விளக்கில் நாப்தலீன் 80 டிகிரியில் உருகும். உப்பு உருக 801 டிகிரி வேண்டும் என்பதால் அசையாமல் கிடக்கும். சோதனைகளைச் சொட்டுக் கணக்கில் செய்யும் நுண்ணளவு முறையைத் தென்னாப்பிரிக்காவின் ராட்மேஸ்டே மையத்தோடு சேர்ந்து யுனெஸ்கோ பல நாடுகளில் பரப்பியிருக்கிறது. பத்து மில்லிலிட்டருக்குப் பதில் பத்துச் சொட்டு. வேதிப்பொருள் மிச்சம், கழிவும் குறைவு. கழிவு சின்ன விஷயமல்ல. மூடப்பட்டுப் பல ஆண்டுகளான ஒரு குரோமேட் ஆலையின் கழிவு ராணிப்பேட்டையில் இன்றும் மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுத்துக்கொண்டிருக்கிறது. குரோமைல் குளோரைடு சோதனைக்கு நாம் எடுக்கும் டைகுரோமேட்டிலும் இருப்பது அதே ஆறு இணைதிறன் குரோமியம். அதை நேரே தொட்டியில் கொட்டக் கூடாது என்பதையும் பிள்ளைகள் ஆய்வகத்திலேயே கற்க வேண்டும். பிப்பெட்டில் வாயால் உறிஞ்சுவதை இன்னும் அனுமதிக்கும் பள்ளிகள் அதை இன்றே நிறுத்த வேண்டும். ரப்பர் குமிழ் ஒன்றும் பெரிய விலையில்லை.

உப்பைக் குழு குழுவாகப் பிரித்துக் கண்டுபிடிக்கும் முறை ஜெர்மனியின் ஃபிரசீனியஸ் 1841-ல் மாணவராக இருக்கும்போதே எழுதிய நூலிலிருந்து வளர்ந்தது. அன்று எலக்ட்ரானே கண்டுபிடிக்கப்படவில்லை. அதனால் அவருடைய முறையில் ‘ஏன்’ என்பதற்குப் பிணைப்பைக் கொண்டு விடை சொல்ல வழி இல்லை. நமக்கு வழி இருக்கிறது. 1902-ல் ஹார்வர்டில் ஒரு தொடக்க வகுப்புக்கு ஆவர்த்தன விதியை விளக்க முயன்றபோதுதான் கில்பர்ட் லூயிஸ் எலக்ட்ரான்களைக் கனசதுரத்தின் மூலைகளில் வைத்து வரைந்து பார்த்தார். 1916-ல் அது எலக்ட்ரான் இரட்டைப் பிணைப்புக் கொள்கையாக வெளிவந்தது. பிணைப்புக் கொள்கையின் விதை விழுந்த இடம் ஓர் ஆசிரியரின் பாடக்குறிப்பு என்பது உங்களுக்கு உற்சாகம் தரட்டும்.

எந்த உப்பு வரும் என்பதைத் தேர்வுக்கு முன்பே குறிப்பால் உணர்த்திவிடும் வழக்கம் சில பள்ளிகளில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அது பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டு, தானே கண்டுபிடிக்கும் வாய்ப்பைப் பறித்துக்கொள்கிறது. அதை விட்டுவிடுங்கள். அடுத்த முறை நீங்கள் புறத்தேர்வாளராக வேறு பள்ளிக்குப் போகும்போது, மதிப்பெண் பட்டியலில் இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தக் குழாயில் எந்தப் பிணைப்பு அறுந்தது, எது உண்டானது?” புறத்தேர்வாளர் கேட்பார் என்று தெரிந்துவிட்டால், அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியின் பதிவேடுகளில் நான்காவது கோட்டை மாணவர்களே போட்டுவிடுவார்கள்.